மேல்விலாசம் சரியில்லாத சாப்பாடு

சாட்சாத் சிவபெருமானே திருமழபாடியிலிருந்து பஸ் பிடித்து வந்து நின்றாலும், வாசலிலேயே நிறுத்தி, மேலும் கீழும் பார்த்து, ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை சொல்லாமல் திருப்பி அனுப்பக்கூடிய ஆள் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் பெரம்பலூரில் இருந்தார். மேல்விலாசம் என்றால் எங்கள் ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரோ என்னவோ.

இதை எழுதும்போதுகூட எனக்குக் கோபம் வருகிறது. இத்தனைக்கும் நான் கோபப்படுகிற ஆள் இல்லை. பஸ்ஸில் என் காலை மிதித்தவரிடம் நான் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். கடைக்காரர் புளிக்குப் பதிலாகப் பேரீச்சம்பழத்தைக் கட்டிக் கொடுத்தபோது, வாயைத் திறக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்து தின்றிருக்கிறேன். அப்படிப்பட்ட என்னை, நடு ரோட்டில் நின்று கத்தவைத்த ஒரே மனிதர் இவர். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் பன்னிரண்டாவது வரை படித்தவள். அரியலூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் வரவேற்பு மேசையில் வேலை. பெரிய சென்டர் பெரம்பலூரில் இருக்கிறது, எங்களுடையது கிளை. இங்கே படம் மட்டும்தான் எடுப்போம். படத்தைப் பார்த்து உடம்பில் என்ன கோளாறு என்று எழுதித் தரும் டாக்டர் பெரம்பலூரில் இருக்கிறார். அவர்தான் முதலாளியும். படம் இங்கிருந்து இன்டர்நெட்டில் அங்கே போகும். அங்கே அது உள்ளே நுழைகிற இடத்தில் ஃபயர்வால் என்று ஒரு பெட்டி காவல் இருக்கும். அந்தப் பெட்டிக்கு எஜமானர்தான் மேல்விலாசம்.

படம் ஒரே மூட்டையாகப் போகாதாம். சின்னச் சின்னப் பொட்டலமாகப் பிரிந்து போகுமாம். ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் எங்கிருந்து வருகிறது, யாருக்குப் போகிறது என்று எழுதியிருக்குமாம். படித்தவர்கள் அதை ஹெடர் என்கிறார்கள். எங்களுக்குப் புரியட்டும் என்று இவர் "மேல்விலாசம், மேல்விலாசம்" என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் அதுவே அவர் மேல் ஒட்டிக்கொண்டது.

அவருடைய கொள்கை இதுதான். முதல் நாளே எங்களையெல்லாம் உட்காரவைத்துச் சொன்னார்.

"மேல்விலாசத்துல நமக்குத் தெரியாத ஒரு புள்ளி இருந்தாக்கூட தூக்கிப் போட்டுடணும். போட்டதுக்குப் பதிலும் சொல்லக்கூடாது. பதில் சொன்னா, உள்ள ஆள் இருக்குன்னு திருடனுக்குத் தெரிஞ்சுடும்."

பெட்டிக்கு அப்படி ஒரு சட்டம் என்றால் நான் ஏன் கேட்கப் போகிறேன்? அந்த மனிதர் அதே சட்டத்தை மனிதர்களுக்கும் வைத்தார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

போன் செய்தால் எடுப்பார். "ஹலோ" சொல்லமாட்டார். சொன்னால் உள்ளே ஆள் இருப்பது தெரிந்துவிடுமே! நாம்தான் பெயர், கிளை, காரணம் என்று அதே வரிசையில் சொல்ல வேண்டும். வரிசை மாறினால் டக்கென்று வைத்துவிடுவார். நானோ பேச ஆரம்பிப்பதற்கு முன்பு தொண்டையைச் செருமுகிறவள். செருமல் அவருடைய வரிசையில் கிடையாது.

"க்ஹும்... சார், நான்..."

டக்.

எங்கள் கிளையில் படம் எடுக்கும் டெக்னீஷியன் சுகுமார் விழுந்து விழுந்து சிரிப்பான். "யக்கா, செருமறத உட்டுட்டுப் பேசுங்கக்கா. அந்தாளு இருமலுக்கெல்லாம் கதவத் தெறக்க மாட்டாரு."

ஒருமுறை மீட்டிங்குக்காகப் பெரம்பலூர் போனபோது, நம்மோடு வேலை பார்க்கிறவர்தானே என்று திருமழபாடி கோயில் விபூதி குங்குமம் கொண்டுபோனேன். திருமழபாடி நான் பிறந்த ஊர். எல்லாக் கோயில் பிரசாதத்தையும் போல அதையும் பழைய பேப்பரில்தான் மடித்திருந்தேன். பொட்டலத்தை வாங்கினார். பிரிக்கவில்லை. திருப்பித் திருப்பி மேலே இருப்பதைப் படித்தார்.

"இது யாரோ பொண்ணுக்கு வரன் தேடுறாங்க மேடம்."

"சார், அது பேப்பர் சார். உள்ள விபூதி இருக்கு."

"உள்ள இருக்கறது அப்புறம். மேல என்ன எழுதியிருக்கு? நல்ல வேலையில் உள்ள மணமகன் தேவைன்னு எழுதியிருக்கு. எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு."

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் சொல்லிவிட்டு, சுவாமி பிரசாதத்தை என் பக்கமாகவே தள்ளிவைத்தார். அன்று முழுக்க எனக்குக் காது மடல் எரிந்தது.

பெரம்பலூர் சென்டர் வாசலில் வாட்ச்மேன் ஒருவர் உண்டு. எல்லோரும் பாய் என்று கூப்பிடுவோம். நல்ல மனிதர், வாய் ஓயாமல் பேசுவார். தன் மகள் கல்யாணப் பத்திரிகையை ஒவ்வொருவர் கையிலும் நேரில் கொடுத்தார். நேரில் கொடுப்பதால் உறை மேல் பெயர் எழுதவில்லை. மேல்விலாசம் கல்யாணத்துக்குப் போகவில்லை. உறையில் பெயர் இல்லாததால் அது தனக்கு வந்ததாக எடுத்துக்கொள்ள முடியாதாம்.

பாய் என்னிடம் வந்து பொருமினார். "பிரியாணிக்கு மேல பேரு எழுதியா வைக்க முடியும்? நீங்களே சொல்லுங்கம்மா!"

கல்யாணம் முடிந்த மறுநாள் பாய் வீட்டுக்கு ஒரு பிரஷர் குக்கர் போய்ச் சேர்ந்தது. அதன் பெட்டி மேல் மணமகன் பெயர், மணமகள் பெயர், இருவரின் தகப்பனார் பெயர், ஊர், தெரு, கல்யாணத் தேதி எல்லாம் கொட்டை எழுத்தில் இருந்தன. அனுப்பியவர் யார் என்று சொல்லவும் வேண்டுமா?

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். ஒருநாள் டிப்டாப்பாக ஒருத்தன் பெரம்பலூர் சென்டருக்கு வந்து, "உங்க ஆபீஸ்லேருந்துதான் அனுப்பினாங்க, கம்ப்யூட்டரைச் சரி பண்ணி எடுத்துட்டு வரச் சொன்னாங்க" என்றிருக்கிறான். எல்லோரும் நாற்காலி போட்டு உபசரித்திருக்கிறார்கள். மேல்விலாசம் மட்டும் கேட்டாராம்: "எங்க ஆபீஸ்லேருந்து வந்தா உள்பக்கமிருந்துல்ல வரணும்? நீ ஏன் வெளிவாசல் வழியா வர்ற?" கேட்டவர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை, நழுவிவிட்டான். அதே ஆள் வேறொரு கடையில் புகுந்து லேப்டாப்பை அள்ளிக்கொண்டு போன செய்தி பிற்பாடு வந்தது. அதன் பிறகு டாக்டர், "பாதுகாப்புன்னா அது அவருதான்" என்று வாசல் கேட்டையும் அவர் பொறுப்பிலேயே விட்டுவிட்டார். பிடித்தது சனி.

மறுநாளே பாய்க்குச் சட்டம் வந்தது. பெயரும் இடமும் எழுதாத எதையும் வாங்கக்கூடாது. எழுதியிருந்தாலும், அதற்கு மேல் பழக்கமில்லாத எழுத்தோ கோடோ இருந்தால் வாங்கக்கூடாது. ஏன் வாங்கவில்லை என்று சொல்லக்கூடாது. வாயே ஓயாத பாய்க்கு, பேசக்கூடாது என்று ஒரு தண்டனை! அதற்கு அவரைக் கட்டிப்போட்டு அடித்திருக்கலாம்.

அப்போதுதான் எங்கள் அரியலூருக்குப் புது மெஷின் வந்தது.

பழைய மெஷின் கிழடுதட்டிவிட்டது என்று டாக்டர் புதிதாக வாங்கிப் போட்டார். படம் கண்ணாடி மாதிரி விழுந்தது. சுகுமார் அனுப்புகிற பொத்தானை அமுக்கினான். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் 'பதில் இல்லை' என்று வந்தது. மறுபடியும் அமுக்கினான். மறுபடியும் அதேதான்.

வேடிக்கை என்னவென்றால், என் மேசையில் இருந்த ஓட்டைக் கம்ப்யூட்டரிலிருந்து எது அனுப்பினாலும் நன்றாகப் போனது. ஆகவே லைனில் கோளாறு இல்லை. மெஷினில்தான் கோளாறு என்றார்கள். மெஷின்காரர்கள் திருச்சியிலிருந்து ஆள் அனுப்பினார்கள். அவர் குடைந்து பார்த்துவிட்டு, "மெஷின் தங்கம் மாதிரிம்மா. இங்கேருந்து போவுது. அங்கதான் யாரோ முழுங்குறாங்க" என்றார்.

நான் எச்சிலை விழுங்கி, செருமாமல், வரிசை தப்பாமல், மேல்விலாசத்துக்குப் போன் செய்து கேட்டேன்.

"வந்தா விட்டிருப்பேன் மேடம். வரல."

"அங்க எதுலயாவது பதிவாயிருக்கும்ல சார்? பாருங்களேன்."

"தூக்கிப் போடறத எல்லாம் எழுதி வச்சா குப்பைதான் சேரும். நான் எழுதச் சொல்லல. வரலன்னா வரல."

டக்.

வரவில்லையாம்! வாசலில் வந்து நின்றதையெல்லாம் இவருடைய பெட்டி கழுத்தைப் பிடித்துத் தள்ளியிருக்கிறது. தள்ளியதை அனுப்பியவருக்கும் சொல்லவில்லை, தன் எஜமானருக்கும் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று அதற்குப் பாடம் எடுத்ததே இவர்தான். இவர் என்னிடம் "வரல" என்கிறார்! இது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் அன்றைக்கே பஸ் ஏறியிருப்பேன்.

அவ்வளவு பெரிய படத்தை என் ஓட்டைக் கம்ப்யூட்டர் தாங்காது. வேறு வழியில்லாமல் சிடியில் போட்டு, பெரம்பலூர் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினோம். எங்கள் பக்கத்தில் இது சாதாரணம். மாத்திரை, மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடி, மகனுக்கு மத்தியானச் சாப்பாடு எல்லாம் கண்டக்டர் கையில்தான் ஊர் விட்டு ஊர் போகும். சேரவேண்டிய இடத்தில் பஸ் மெதுவாகும்; இறங்காமலே நீட்டுவார்; ஆள் வாங்கிக்கொள்வார். சுகுமார் பொறுப்பாக உறை மேல் டாக்டர் பெயரை எழுதி, சிவப்பு மையில் 'அவசரம்' என்று போட்டு அடியில் கோடும் இழுத்தான்.

அந்தச் சிவப்பு எழுத்துதான் வினையாகிவிட்டது. பழக்கமில்லாத எழுத்து, பழக்கமில்லாத கோடு. பாய் வாங்கவில்லை. ஏன் என்றும் சொல்லவில்லை. போன சிடி, திரும்புகிற பஸ்ஸில் அப்படியே வந்து இறங்கியது.

இதற்கிடையில் திருமானூர்ப் பக்கத்திலிருந்து ஒருவரைத் தூக்கி வந்தார்கள். கரும்பு லாரியிலிருந்து விழுந்து தலையில் அடி. படம் எடுத்தாயிற்று. அவர் மனைவி என் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எடுத்தாச்சுல்ல? உள்ள என்ன இருக்குன்னு சொல்றதுக்கு எம்மா நேரம்?"

"படம் போயிருக்குங்க."

"எங்க போயிருக்கு?"

அவர்கள் கார் பிடித்துத் தஞ்சாவூருக்கே கொண்டுபோய்விட்டார்கள். நல்லவேளையாக வெறும் தையலோடு போயிற்று. ஆனால் பேச்சு பரவிவிட்டது. அரியலூரில் எடுத்தால் படம்தான் வரும், பதில் வராது என்று திருமானூர் பஸ்ஸில் என் காதுபடவே பேசிக்கொண்டார்கள். கூட்டம் குறைந்தது.

டாக்டர் நேரில் வந்தார். நல்ல மனிதர், என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார். "இந்த வாரம் பாக்குறேன்மா. சரியாவலன்னா மெஷினப் பெரம்பலூருக்கு ஏத்திட்டு இங்க பூட்டிடலாம்னு இருக்கேன்."

சுகுமார் இளைஞன், எங்கும் போவான். எனக்கு அந்த ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தால்தான் பேச்சு வரும். அதுவும் வருவதற்கே வருடக் கணக்காயிற்று. இந்த வயதில் இன்னொரு வாசலில் போய் நின்று, தொண்டையைச் செருமி, "வேலை இருக்குங்களா" என்று கேட்பதைவிடக் கொள்ளிடத்தில் இறங்கி நடந்துவிடலாம் என்று தோன்றியது. அப்புறம், அடிபட்டவர்களை இந்த ரோட்டில் இன்னும் ஒரு மணி நேரம் குலுக்கிக் குலுக்கிக் கொண்டுபோவதா? மேல்விலாசம் என்ற ஒரு மனிதருக்கு ஒரு புள்ளி பிடிக்கவில்லை என்பதற்காகவா?

சிடியை எடுத்துக்கொண்டு நானே பெரம்பலூருக்குப் போனேன்.

"பாய், உள்ள போவணும்."

பாய் வானத்தைப் பார்த்தார்.

"நான்தான் பாய். அரியலூர் கிளை. அட்டை பாருங்க."

அட்டையைப் பார்த்தார். அதில் ஒட்டியிருந்த படத்தில் எனக்கு மூக்குக்கண்ணாடி இல்லை. இப்போது இருந்தது. பாய் வேப்பமரத்தைப் பார்த்தார். பாவம், கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. கையால் வாயை மறைத்துக்கொண்டு முணுமுணுத்தார்.

"நா பேசக்கூடாதும்மா. பேசுனா வேலை போயிரும்."

"இப்பப் பேசிட்டீங்களே பாய்."

"இது பேச்சு இல்லம்மா, பொலம்பலு. அல்லா மன்னிப்பான்."

அந்த நேரம் பார்த்து குரும்பலூர் டவுன் பஸ் வந்து வாசலில் மெதுவாயிற்று. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு ஒரு பச்சைப் பையை நீட்டினார். சாப்பாட்டுக் கேரியர். பையின் மேல் நம் மேல்விலாசத்தின் பெயர், சென்டரின் பெயர், எல்லாம் இருந்தது. அவர் வீடு குரும்பலூர். மத்தியானச் சாப்பாட்டை மனைவி தினமும் இந்த பஸ்ஸில்தான் அனுப்புவார். பாய் கையை நீட்டினார்; பையைப் பார்த்தார்; நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். மறுபடி வானம்.

"இன்னைக்கும் இல்லையா?" கண்டக்டர் கத்தினார். "என்னா பாய் இது, தெனம் இதே கூத்தா இருக்கு! அந்த அக்கா வூட்ல அழுவுது. நா என்ன தப்புப் பண்ணேன், எஞ் சோத்த ஏன் திருப்பி அனுப்புறாருன்னு கேக்குது. நா என்னத்தச் சொல்ல? இன்னதுன்னு ஒரு வார்த்த சொல்லித் தொலைங்களேன்!"

நான் எட்டிப் பார்த்தேன். பெயருக்கும் இடத்துக்கும் கீழே, புதிதாக ஒரு வரி எழுதியிருந்தது: 'சூடா இருக்கு, பாத்துப் பிடிங்க.'

பழக்கமில்லாத எழுத்து!

"யாரு எழுதுனது இது?" என்றேன்.

"அந்த அக்காதான். அன்னைக்கு சாம்பார் கொட்டி எனக்குக் கை வெந்துபோச்சு. அதுக்காவ எழுதி அனுப்புது. இதுல என்ன குத்தம்?"

எனக்குள் ஏதோ அறுந்தது. இத்தனை வருஷம் மிதிபட்ட காலெல்லாம், தின்ற பேரீச்சம்பழமெல்லாம் ஒன்றுசேர்ந்து தொண்டைக்கு வந்தன. செருமலே வரவில்லை.

"குடுங்க அந்தப் பைய!" என்று கத்தினேன். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் ஜன்னலில் தலையை நீட்டினார்கள். "பாய், தள்ளுங்க! நான் உள்ள போறேன். வேணும்னா உங்க சார என்னத் தூக்கிப் போடச் சொல்லுங்க!"

பாய் வேகமாகத் தள்ளி நின்றார். கதவையும் திறந்துவிட்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

மேல்விலாசம் தன் அறையில் உட்கார்ந்து தண்ணீரில் பிஸ்கட்டை நனைத்துத் தின்றுகொண்டிருந்தார். ஆள் இளைத்திருந்தார்.

"மேடம், நீங்க எப்படி உள்ள..."

"கால்ல நடந்து! இந்தாங்க, உங்க வூட்டுச் சாப்பாடு. தெனம் வாசல் வரைக்கும் வருது, தெனம் திரும்பிப் போவுது."

அவர் பையையே பார்த்தார். "வரலன்னுல்ல நெனச்சேன். ரசத்துல உப்புன்னு சொன்னேன், அந்தக் கோவத்துல அனுப்பலன்னு..."

"கேட்டீங்களா அவங்கள?"

"அனுப்பாதவங்ககிட்ட என்னன்னு கேக்கறது?"

"வரலையா! வரலையா சார்! எங்க படத்துக்கும் இதத்தான் சொன்னீங்க! நீங்க வரலைங்கறீங்க, நாங்க அனுப்பினோங்கறோம். நடுவுல உங்க சட்டம் வாயப் பொத்திட்டு நிக்குது. அங்க ஒரு அம்மா அழுவறாங்க. இங்க நீங்க பிஸ்கட் தின்னுறீங்க. எங்க கிளையப் பூட்டப் போறாங்க. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்றதுக்கு என்ன கேடு? வாசல்ல வந்து நிக்கறவனுக்கு ஒரு பதில் சொன்னா உங்க கோட்டை இடிஞ்சா போயிடும்?"

நான் பேசியது அவ்வளவும் எனக்கே பின்னால்தான் கேட்டது.

அவர் பையில் இருந்த அந்த வரியைப் படித்தார். "இத எனக்கு ஏன் எழுதியிருக்கா? எனக்குத் தெரியாதா, சூடா இருக்கும்னு?"

"உங்களுக்கு எழுதல சார். வழியில எடுத்துட்டு வர்றவங்களுக்கு எழுதியிருக்காங்க."

கேரியரைத் திறந்து ஒரு வாய் சாதம் எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். "வழியில இருக்கறவங்களுக்கு..." என்றார். சாம்பார் முழங்கைக்கு வழிந்தது. "வழியில இருக்கறவங்களுக்கு!" என்று இன்னொருமுறை சொல்லிவிட்டு, சாதக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே ஓடிப்போய் இடது கையால் கம்ப்யூட்டரைத் தட்ட ஆரம்பித்தார்.

பிறகு சுகுமாருக்குப் போன் போட்டார். "ஹலோ! ஹலோ தம்பி!" என்றார். எதிர்ப்பக்கம் வைத்துவிட்டார்கள். மேல்விலாசம் ஹலோ சொல்லி யாரும் கேட்டதில்லை. யாரோ அவரை மாதிரிப் பேசி ஏமாற்றுகிறார்கள் என்று பயந்துவிட்டதாகச் சுகுமார் பிறகு சொன்னான். நான் என் போனில் கூப்பிட்டு ஒரு படம் அனுப்பச் சொன்னேன்.

தூக்கிப் போடுவதை எல்லாம் காட்டு என்று பெட்டிக்கு அப்போதுதான் உத்தரவு போட்டிருந்தார். திரையில் வரிவரியாக ஓடியது. ஓட ஓட அவர் குரல் இறங்கியது.

"வந்திருக்கு மேடம். இப்ப வந்தது மட்டும் இல்ல, அத்தனையும் வந்துதான் இருக்கும்."

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டில் சொல்கிறேன். பொட்டலத்தின் மேல்விலாசத்தில் சில கட்டங்களைப் பின்னால் உதவும் என்று அந்தக் காலத்தில் காலியாக விட்டிருந்தார்களாம். அவர் பெட்டி, காலியாக இருக்கவேண்டிய கட்டத்தில் ஏதாவது எழுதியிருந்தால் திருட்டுப் பொட்டலம் என்று முடிவு கட்டிவிடும். எங்கள் புது மெஷின் அதில் ஒரு குறி போட்டு அனுப்பியிருக்கிறது. அந்தக் குறிக்கு அர்த்தம், 'வழியில் நெரிசலாக இருந்தால் எனக்குச் சொல்லுங்கள், நான் மெதுவாக அனுப்புகிறேன்' என்பதாம். பழைய கம்ப்யூட்டருக்கு அந்தப் பழக்கம் கிடையாது. அதனால் அது அனுப்பியது மட்டும் தடையில்லாமல் போனது.

கேட்டீர்களா அநியாயத்தை? மரியாதையாகக் கேட்டுக்கொண்டு வந்த பொட்டலத்தை, மரியாதை தெரிந்த குற்றத்துக்காகத் தள்ளியிருக்கிறார்! "பின்னாடி உதவும்னு விட்ட எடத்துல, பின்னாடி வந்தவங்க எழுதுனா அது திருட்டா சார்?" என்று கேட்டேன். எனக்கு இன்னும் வேகம் தணியவில்லை.

"இல்ல மேடம். அத விட்டுடணும். நமக்குப் புரியாததெல்லாம் கெட்டது இல்ல" என்றார். உடனே நிமிர்ந்தார். "ஆனா எல்லாத்தையும் விட மாட்டேன். உள்ளேருந்து வரேன்னு சொல்லிட்டு வெளிவாசல்ல நிக்கறத விட மாட்டேன். 'வந்துட்டேன், போயிட்டு வரேன்'னு ஒரே மூச்சுல சொல்ற பொட்டலம் இருக்கு. அப்படி ஒருத்தன் வாசல்ல நின்னா நீங்க விடுவீங்களா?"

"மாட்டேன்தான்" என்றேன்.

"ஆனா தூக்கிப் போட்டா, போட்டத எழுதி வைக்கணும். நம்ம ஆளுங்களுது மாதிரி இருந்தா, இன்ன காரணம்னு அவங்களுக்குச் சொல்லிடணும். இல்லன்னா அவன் தெனம் சோறு கட்டி அனுப்பிட்டே இருப்பான், இவன் தெனம் பட்டினி கிடப்பான்."

சட்டத்தை மாற்றினார். அரியலூர் படம் வந்து விழுந்தது. மேல்மாடியிலிருந்து டாக்டர் என் போனுக்கே கூப்பிட்டு, "படம் வந்துடுச்சும்மா, தெளிவா இருக்கு" என்றார். பூட்டுவதைப் பற்றி அதன் பிறகு அவர் பேசவே இல்லை. நான் வெளியே வரும்போது மேல்விலாசம் வீட்டுக்குப் போன் செய்துகொண்டிருந்தார். "ம்... நீ எழுதினது சரிதான். நான்தான்..." என்று இழுத்து, முடிக்காமல், "ரசம் நல்லா இருக்கு" என்றார்.

மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அதற்குப் பிறகு அவர் செய்ததைக் கேளுங்கள். பேசலாம் என்று பாய்க்கு அனுமதி கொடுத்தார். பாய் இழந்ததையெல்லாம் சேர்த்துப் பேசினார். ஒரு பார்சலைத் திருப்பினால் அதற்குக் காரணம், அந்தக் காரணத்துக்குக் காரணம் என்று விளக்க, டவுன் பஸ் டிரைவர் ஹாரன் அடித்தே மாய்ந்தார். மேல்விலாசமோ அதற்கும் மேலே போய்விட்டார். எங்கள் பக்கத்திலிருந்து வரும் எதையாவது பெட்டி நிறுத்தினால், என் மேசைக் கம்ப்யூட்டருக்கு உடனே ஒரு செய்தி வரும்படி செய்தார். அதுவும் அவரே உட்கார்ந்து எழுதிய தமிழில்:

'அக்கா, உங்க பக்கத்துலேருந்து வந்த ஒண்ண நிறுத்தி வச்சிருக்கேன். காரணம் கீழ இருக்கு. உங்க தப்பு இல்ல. பாத்துட்டுச் சொல்றேன்.'

அன்றுவரை நான் மேடம்தான். அக்கா ஆனது அந்தச் செய்தியில்தான். நேரில் பார்த்தால் பழையபடி மேடம்.

அவர் கோயம்புத்தூரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். போகிறேன் என்றுகூட ஒரு வார்த்தை எனக்குச் சொல்லவில்லை. பாருங்கள், இன்னொரு அநியாயம்! பாய் சொல்லித்தான் தெரியும். புதிதாக வந்திருக்கும் பையன் பெட்டியில் எதையும் மாற்றவில்லை. அதனால் எப்போதாவது என் திரையில் அந்தச் செய்தி இன்னும் வருகிறது. உங்க தப்பு இல்ல, பாத்துட்டுச் சொல்றேன் என்கிறது. போன வாரம்கூட வந்தது.

அந்தப் பக்கம் அவர் இல்லை என்பது எனக்குத் தெரியும். அது தானாக வருகிற செய்தி என்று சுகுமாரும் சிரிக்கிறான். சிரிக்கட்டும். வந்து நிற்கிறதற்குப் பதில் சொல்லாமல் விடக்கூடாது என்று நடு ஆபீஸில் கத்தியவள் நான். அதனால் ஒவ்வொரு முறையும் கீழே ஒரு வரி தட்டிவிடுகிறேன்:

'சரிங்க தம்பி. சாப்பாடு சூடா இருக்கும், பாத்துச் சாப்பிடுங்க.'